மூலையில் நிற்கும் ஹாரன்: பழைய ஸ்பீக்கர்களைப் பற்றிய எண்பது ஆண்டு வழக்கு

வீட்டில் பாட்டுக் கேட்க ஹாரன் ஸ்பீக்கர் ஏற்றதுதானா? 1946-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹோப் என்ற சிற்றூரில் பால் வில்பர் க்ளிப்ஷ் தன் மூலை ஹாரனை விற்கத் தொடங்கியபோதே இந்த வழக்கும் தொடங்கிவிட்டது. க்ளிப்ஷார்ன், லா ஸ்காலா, ஆல்டெக்கின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’, ஜேபிஎல்லின் ஹார்ட்ஸ்ஃபீல்டு, பாரகன் என்று அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர்களில் ஒரு சாரார், பாடகர் அறைக்குள் வந்து நிற்கிறார் என்கிறார்கள். இன்னொரு சாரார், வாயருகே கையைக் குவித்துப் பேசுவதுபோல் இருக்கிறது என்று சொல்லி ஓராண்டுக்குள் விற்றுவிடுகிறார்கள். இரு தரப்பும் பேசுவது ஒரே மாடலைப் பற்றியாகவும் இருக்கும்.

இந்த முரணைக் காது வேறுபாடு, ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் உடைமையாளர் தீர்ப்பு சொல்வது பெட்டிக்கு மட்டுமல்ல என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அறையின் மூலை, ஆம்ப்ளிஃபையர், அரை நூற்றாண்டு பழசான உதிரி பாகங்கள், அதோடு வாழ்ந்த வருடங்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பில் கலந்திருக்கின்றன. ஆய்வுக்கூடம் அளப்பதோ பெரும்பாலும் பெட்டியை மட்டும். சண்டையில் கணிசமான பங்கு இந்த இடைவெளியிலிருந்து வருகிறது. முழுவதும் அங்கிருந்து வரவில்லை.

வாட் பஞ்சத்தில் பிறந்த வடிவம்

ஹாரனின் கணிதத்தை 1919-ல் ஏ. ஜி. வெப்ஸ்டர் எழுதிய கட்டுரை ஒழுங்குபடுத்தியது. 1924-ல் ஹன்னாவும் ஸ்லெப்பியனும் அதை ஒலிபெருக்கி வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1926-ல் பேசும் படத்துக்கான வைட்டஃபோன் முறையோடு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் 555 டிரைவர் திரையரங்குகளுக்குள் நுழைந்தது. அப்போது ஆம்ப்ளிஃபையர் தந்தது சில வாட் மட்டுமே. அதை வைத்து ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையை நிரப்ப வேண்டும். ஹாரன் செய்யும் வேலை, டிரைவரின் சிறிய டயஃப்ரத்தை வெளிக்காற்றோடு படிப்படியாக இணைப்பது. திறந்த காற்றில் டயஃப்ரத்தின் அசைவில் பெரும்பகுதி ஒலியாகாமலே வீணாகிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தனக்குள் வரும் மின்சக்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ஒலியாக மாற்றுகிறது. நல்ல ஹாரன் அதைப்போலப் பல மடங்கு மாற்றும்.

தடை அளவுதான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அதைத் திறந்த வெளியில் சரியாக வெளியிட ஹாரனின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 5.9 சதுர மீட்டர் இருக்க வேண்டும். வீட்டில் யாரும் இதை வைக்க முடியாது. தரையும் இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் வைத்தால் ஒலி பரவும் வெளி எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தேவைப்படும் வாயும் சுமார் 0.7 சதுர மீட்டராகிவிடும். மூலைச் சுவர்களே ஹாரனின் கடைசிப் பகுதி ஆகின்றன. ஹாரனை மடித்து ஒரு பீரோ அளவுக்குள் அடக்கி, மீதி வேலையைச் சுவரிடம் விட்டதுதான் க்ளிப்ஷின் சாமர்த்தியம். இதைப் பற்றிய அவர் கட்டுரை 1941-லும், முதல் காப்புரிமை 1943-லும் வந்தன.

ஹாரன் ஸ்பீக்கர் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் பெட்டிகள் ஒரே இனம் அல்ல. க்ளிப்ஷார்னிலும் லா ஸ்காலாவிலும் அடித்தொனி, நடுத்தொனி, உச்சத்தொனி மூன்றுமே ஹாரன் வழியாக வருகின்றன. 1957-ன் ஹெரசியிலும் 1959-ன் கார்ன்வாலிலும் அடித்தொனிக்குச் சாதாரணப் பெட்டிதான். மேலே உள்ளவை மட்டும் ஹாரன். ஆல்டெக்கின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசையில் வந்த ஏ7 நடுவழி: முன்பக்கம் குட்டையான ஹாரன், அதற்கும் கீழே காற்றுத்துளைப் பெட்டி. ‘ஹாரனில் பேஸ் இல்லை’ என்ற புகாரைக் கேட்டால், எந்த ஹாரன் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. லா ஸ்காலா அந்தப் புகாருக்கு முழுத் தகுதி உடையது. அதன் ஹாரன் குட்டை, மூலையையும் நம்பவில்லை. ஆர்கன்சாவில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட வின்த்ரோப் ராக்ஃபெல்லரின் பிரசார மேடைக்காக அது உருவானது என்று நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. தேர்தல் மேடையில் முழங்கப் பிறந்த பெட்டி பிறகு வரவேற்பறைக்குக் குடிவந்தது. அதனிடம் 30 ஹெர்ட்ஸ் ஆர்கன் இசையை எதிர்பார்ப்பது அநியாயம்.

‘உயிர் இருக்கிறது’ என்போரின் வாதம்

ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்வது மூன்று: இசையின் ஏற்ற இறக்கம் நெரிபடாமல் வருகிறது, குறைந்த சத்தத்திலும் நுணுக்கம் கேட்கிறது, மிருதங்கமோ டிரம்ஸோ அடி விழும் கணம் கூர்மையாக இருக்கிறது.

முதலாவதற்குக் கணக்கு உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் பெட்டி, ஒரு உச்சக் கணத்துக்கு 100 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 104 டெசிபல் தரும் ஹாரனுக்கு அதே கணத்தில் 2.5 வாட் போதும். 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்களே நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் என்று கருதப்பட்ட 1940-களின் பிற்பகுதியில் இது ஆடம்பரமாக இருக்கவில்லை, அத்தியாவசியமாக இருந்தது. 1990-களில் ஒற்றை டிரையோடு வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் மீண்டும் பிரபலமானபோது இந்தப் பழைய பெட்டிகள் தூசி தட்டி எடுக்கப்பட்டதற்கும் காரணம் இதுதான். எட்டு வாட் ஆம்ப்ளிஃபையரோடு குடித்தனம் நடத்தக்கூடிய ஸ்பீக்கர் வேறு அதிகம் இல்லை.

இரண்டாவது தூண் க்ளிப்ஷே நட்டது. ஒரே கூம்பு அடித்தொனிக்காக முன்னும் பின்னும் நெடுந்தூரம் அசையும்போது, அதே கூம்பு வெளியிடும் மேல்தொனி கலங்குகிறது. ஹாரனில் கூம்பின் அசைவு சிறிது, ஆகவே கலக்கமும் சிறிது. இதைப் ‘பண்பேற்றச் சிதைவு’ என்ற தலைப்பில் 1960-களின் இறுதியிலிருந்து பல கட்டுரைகளில் அளந்து காட்டினார். எதிர்த்தரப்பின் விளம்பர வாசகங்களைக் கேட்டால் கோட்டின் மடிப்பைத் திருப்பி, உள்ளே குத்தியிருந்த ‘புல்ஷிட்’ என்ற மஞ்சள் பட்டனைக் காட்டும் பழக்கமும் அவருக்கு இருந்தது. வாதம் சூடாகத்தான் நடந்தது.

பலவீனங்களையும் பார்க்க வேண்டும். 100 டெசிபலுக்கு மேல் போகும் அந்தப் புகழ்பெற்ற எண்ணில் மூலையின் உதவியும் சேர்ந்திருக்கிறது. அந்த உதவி கிட்டாத அறையில் எண்ணும் கிட்டாது. ஹாரனுக்கென்றே சொந்தமான சிதைவும் ஒன்று உண்டு. தொண்டைப் பகுதியில் காற்று அதிகம் அமுக்கப்படுவதால் இரண்டாம் இசைவுச் சிதைவு எழும் என்பது 1930-களிலிருந்தே அறியப்பட்டது. வீட்டுச் சத்தத்தில் அது சிறியது. அப்படியானால் அதே அளவுகோலால், வீட்டுச் சத்தத்தில் நவீன பெட்டியின் அசைவுச் சிதைவும் சிறியதுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்வி. மலிவாகக் கிடைக்கும் 200 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் முதல் வாதத்தின் காலடி மண்ணையும் ஓரளவு அரித்துவிட்டது. மிச்சம் நிற்பது டிரைவரின் கம்பிச் சுருள் சூடேறும்போது ஒலி நெரிபடுவது பற்றிய வாதம். அது உரத்த சத்தத்தில் நிச்சயம் உண்டு. சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவாகவே ஓடும் வீட்டுக் கேட்பில் காதுக்கு எட்டுகிறதா என்பதில் உறுதியான பதில் இல்லை.

‘நிறம் பூசுகிறது’ என்போரின் வாதம்

தமிழ்நாட்டில் ஹாரன் என்றதும் நினைவுக்கு வருவது திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர். பேச்சு தூரத்துக்குப் போவதற்காக அடித்தொனியை விட்டுக்கொடுத்து, நடுத்தொனியைப் பிதுக்கி அமைத்த கருவி அது. கொள்கை ஒன்று, நோக்கம் வேறு. அதன் குரலை நினைத்துக்கொண்டு வீட்டு ஹாரன்களைத் தள்ளிவிடுவது சரியாகாது. ஆனாலும் வீட்டு ஹாரன்களிலும் அந்தக் குரலின் சாயல் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

காரணங்கள் இப்போது ஓரளவு தெளிவு. ஹாரனின் வாய் போதுமான அகலத்துக்கு விரியாமல் திடீரென்று முடிந்தால், ஒலியின் ஒரு பகுதி திரும்பித் தொண்டைக்கே போகிறது. அலைவெண் வரைகோட்டில் மேடும் பள்ளமும் விழுகின்றன. மெல்லிய உலோகத்தில் வார்த்த ஹாரன்கள் தாமே அதிரவும் செய்யும். க்ளிப்ஷார்னின் நடுத்தொனி ஹாரனுக்கு வெளியே பிசின் போன்ற பொருளை அப்பி அடக்குவது உடைமையாளர்களிடையே பரவலான கைவைத்தியம். இவற்றைவிடப் பெரிய குறை திசை சார்ந்தது. மடங்கு மடங்காக விரியும் எக்ஸ்பொனென்ஷியல் ஹாரன் அலைவெண் ஏற ஏற ஒலியைக் குறுகிய கற்றையாக்குகிறது. நேர் எதிரே அமர்ந்தவருக்குக் கிடைக்கும் உச்சத்தொனி பக்கத்தில் அமர்ந்தவருக்குக் கிடைப்பதில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியின் நிறமும் நேரொலியின் நிறமும் வேறாகிவிடுகின்றன. எக்ஸ்பொனென்ஷியல் வடிவத்தில் அப்படி என்ன புனிதம் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1975-ல் டான் கீல் படித்த கட்டுரை, சீரான பரவல் கொண்ட ஹாரன்களுக்கு வழிவிட்டது. 1980-களின் இறுதியில் ஏர்ல் கெடஸ் ஹாரனை அலைவழிகாட்டியாக மறுபடி வகுத்து, உள்ளே எழும் உயர்வரிசை அலைகளைச் சுட்டிக்காட்டினார்.

அதற்கும் முன்பே சந்தை தீர்ப்பு எழுதிவிட்டது எனலாம். 1954-ல் எட்கர் வில்ச்சூரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச், மூடிய சிறு பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக்கி ஆழ்ந்த அடித்தொனியை எடுத்துக் காட்டியது. திறன் சரிந்தது, வாட் கூடுதலாகத் தேவைப்பட்டது. அலமாரியில் வைக்க முடிந்தது. பெட்டியின் சிறுமை, அடித்தொனியின் ஆழம், திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்ற ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’யில் க்ளிப்ஷும் வில்ச்சூரும் வெவ்வேறு இரண்டைத் தேர்ந்தார்கள் என்பதே அன்றைய சண்டையின் சாரம். அறுபதுகளில் ஸ்டீரியோ பரவியபோது ஒரு பீரோவுக்குப் பதில் இரண்டு பீரோ வைக்க வேண்டிய நிலை வந்தது. பெரும்பாலான வீடுகள் வில்ச்சூர் பக்கம் போயின.

இந்தத் தரப்பு வாதத்தின் பலவீனம், பழைய ஹாரன்களின் குறையை ஹாரன் என்ற கொள்கையின் குறையாக நீட்டிவிடுவது. 2010-களில் வந்த ஜேபிஎல் எம்2 போன்ற ஸ்டுடியோ மானிட்டர்கள் ஹாரனும் அழுத்த டிரைவரும் கொண்டவைதாம். அவற்றின் அளவீடுகள் மிகச் சீரானவை. நிறம் கொள்கையில் ஒட்டியதா, அந்தக் காலத்து வடிவத்தில் ஒட்டியதா என்ற கேள்வி இதனால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வடிவத்தில்தான்.

அறை என்ற மூன்றாவது கட்சிக்காரர்

க்ளிப்ஷார்ன் மூலை கேட்கும். ஒரே சுவரில் இரண்டு நல்ல மூலைகள், இடையில் கதவோ சன்னலோ நெருங்காமல், பெட்டி சுவரோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கும்படி. இப்படிப்பட்ட அறை எத்தனை வீட்டில் இருக்கும்? மூலை சரியாக அடைபடாவிட்டால் அடித்தொனி மெலியும். மெலிந்ததைக் கேட்டவர் பெட்டியைக் குறை சொல்வார். 2019-ல் பின்பக்கம் முழுதும் மூடிய பதிப்பை நிறுவனமே கொண்டுவந்ததை, இந்தப் புகாரை எழுபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டதாகவும் படிக்கலாம்.

மூலைகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு தூரத்தில்தான் ஸ்பீக்கர்களும் இருக்க முடியும். அகன்ற அறையில் இசை நடுவில் பொத்தலாகிவிடும். க்ளிப்ஷ் இதற்கு நடுவே மூன்றாவது ஸ்பீக்கரை முன்மொழிந்தார். மூலை ஹாரன் விற்பவர் மூலைக்கு வராத பெட்டி செய்வது மதத்துரோகம் என்று யாரோ கேலி செய்ய, அந்த நடு ஸ்பீக்கருக்கு ‘ஹெரசி’ என்றே பெயர் வைத்தார்.

பெரிய அறை வேண்டும் என்ற பொதுவான அறிவுரைக்கு ஜப்பான் இடைஞ்சலான சாட்சி. அமெரிக்கத் திரையரங்குகள் கழித்துத் தள்ளிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆல்டெக் பாகங்களையும், ஜேபிஎல்லின் பெரிய மாடல்களையும், இங்கிலாந்தின் டான்னாய்களையும் விரும்பி வாங்கியவர்கள் ஜப்பானியர்கள். அங்கே ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காபிக் கடைகளில் பேச்சைக் குறைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கரில் இசைத்தட்டு கேட்பது ஒரு பண்பாடாகவே வளர்ந்தது. இவாத்தே மாநிலத்தின் இச்சினோசெக்கியில் ஷோஜி சுகவாரா தொடங்கிய ‘பேஸி’ அவற்றில் பேர்பெற்றது. சின்ன அறையில் பெரிய ஹாரன் ஏன் எடுபட்டது? ஒலியைக் குறுக்கி அனுப்புவதால் பக்கச் சுவர்களின் எதிரொலி குறைந்து நேரொலி தூக்கலாகக் கேட்கிறது என்பது ஒரு விளக்கம். ஜாஸின் பித்தளை வாத்தியங்களுக்கும் டிரம்ஸுக்கும் அந்தக் குரல் ஒத்துப்போனது, வயலின் குழுவுக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மேலே குறை என்று எண்ணப்பட்ட குறுகிய கற்றை இங்கே நிறையாகிவிடுவது கவனத்துக்குரியது.

அரை நூற்றாண்டு பழசான பெட்டி

1968-ல் வாங்கிய லா ஸ்காலாவை இன்று கேட்பவர் 1968-ன் லா ஸ்காலாவைக் கேட்கிறாரா? அலைவெண்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் எண்ணெய் நிரப்பிய தகர டப்பா கெபாசிட்டர்களின் உள்தடை காலப்போக்கில் ஏறக்கூடும். ஏறினால் உச்சத்தொனி தரும் ட்வீட்டரின் சத்தம் இறங்கும். அலுமினிய டயஃப்ரம் உள்ள டிரைவர்களில் அது களைத்துப் போகிறது. அல்னிகோ காந்தம் கடுமையான மின்தாக்கத்தில் வலு இழக்கக்கூடும். ஃபோம் விளிம்புள்ள ஊஃபர்களில் (அடித்தொனி டிரைவர்களில்) விளிம்பு பொடியாக உதிரும். துணி விளிம்புள்ளவை நின்று பிடிக்கின்றன.

பழுதுபார்ப்பதில் இரண்டு மடங்கள். மூலப் பாகத்தை எதையும் மாற்றாதே, மாற்றினால் வடிவமைத்தவரின் குரல் போய்விடும் என்பது ஒன்று. பெட்டியும் ஹாரனும் நல்லவை, ட்வீட்டரையும் கிராஸ்ஓவரையும் தூக்கி எறி என்பது மற்றது. வேடிக்கை என்னவென்றால், ‘பழைய ஹாரனின் இதமான குரல்’ என்று முதல் மடத்தார் காக்க நினைப்பது, தேய்ந்த கெபாசிட்டரின் விளைவாகவே இருக்கலாம். புதுக் கெபாசிட்டர் போட்டதும் குரல் காதைக் குத்துகிறது என்று புகார் செய்வோர் உண்டு. ஒருவேளை 1968-ல் அது அப்படித்தான் குத்தியதோ என்னவோ. இரண்டாம் மடத்தார் ஒவ்வொரு பாகமாக மாற்றி, கடைசியில் எதைப் புகழ்கிறார்கள் என்பதும் கேட்கத் தக்கது. பாதி பாகங்கள் மாறிய பெட்டிக்குக் கிடைத்த பாராட்டு பழைய மாடலின் கணக்கில் எழுதப்படுகிறது. உடைமையாளர் கருத்துகளைத் தொகுத்துப் பார்ப்பவருக்கு இதைப் போல் சங்கடம் வேறில்லை.

கண்ணை மூடிக் கேட்டால்

1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் நடத்திய மறைவுக் கேட்புச் சோதனைகள், நேரெதிரே சமமான, பக்கவாட்டிலும் சீரான ஒலி தரும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று காட்டின. 1994-ல் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு உடைமையாளர் கருத்துக்கு நேரடியாகவே சவால். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது மதிப்பெண்கள் மாறின. அறையில் இடம் மாற்றி வைத்ததால் ஏற்பட்ட உண்மையான ஒலி வேறுபாட்டைக்கூட, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஆளுயரப் பெட்டி கண்ணெதிரே நிற்க, தேடி அலைந்து காசு கொட்டி வாங்கியவர் சொல்லும் தீர்ப்பை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. பிடிக்காதவர் விற்றுவிட்டுப் போய்விடுகிறார், பிடித்தவர் முப்பது ஆண்டு வைத்திருந்து பேசுகிறார் என்ற சாய்வும் இதில் உண்டு.

ஆனால் இந்தச் சோதனை முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பின்னாளில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், இடத்தின் பாதிப்பை நீக்க ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இயந்திரத்தால் நகர்த்தி ஒரே புள்ளியில் நிறுத்தினார்கள். நேர்மையான ஏற்பாடு. க்ளிப்ஷார்னுக்கோ அந்தப் புள்ளியில் பாதி உடம்பு இல்லை. அதன் ஹாரனின் முடிவுப் பகுதி சுவர். நடு அறையில் நிறுத்தினால் முடமாக்கிச் சோதித்ததாகும். மூலையில் நிறுத்தினால் ஒப்பிடும் மற்றப் பெட்டி மூலையில் தடுமாறும். முறை சமமாக இருக்க வேண்டும் என்ற விதியும், கருவியை அதற்குரிய இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் இங்கே ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. மறைவுச் சோதனையின் பொது முடிவுகளை மூலை ஹாரனுக்கு அப்படியே பொருத்துவோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லா ஸ்காலாவுக்கும் கார்ன்வாலுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

காலத் தாமத விவகாரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். மடித்த ஹாரனில் அடித்தொனி நீண்ட பாதையைச் சுற்றி வருவதால் நடுத்தொனிக்குச் சில மில்லி விநாடி பிந்துகிறது. 1978-ல் பிளவர்ட்டும் லாஸும் அளந்த கேட்பு எல்லை, 500 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒன்றிலிருந்து சுமார் மூன்று மில்லி விநாடி வரைதான். க்ளிப்ஷார்னின் ஊஃபரும் நடுத்தொனியும் சந்திப்பது 400 ஹெர்ட்ஸ் அருகே, அந்த அளவீட்டு எல்லைக்குச் சற்றுக் கீழே. ‘டிரம்ஸ் அடி கூர்மையாக இருக்கிறது’ என்று உடைமையாளர் சொல்வதும், ‘அடி சிதறி வருகிறது’ என்று அளப்பவர் சொல்வதும் மோதும் இடம் இது. சாதாரண இசையில் அந்தத் தாமதம் காதுக்குத் தெரிகிறதா என்பது ஐயத்துக்கு இடமானதே.

தீர்ந்ததும் தீராததும்

பழைய ஹாரன்களின் நிறம் உண்மை. அதற்குக் காரணங்கள் தெரியும், நவீன வடிவங்கள் அதைப் பெரும்பாலும் நீக்கியிருக்கின்றன. அவற்றின் திறன் உண்மை. குறைந்த வாட் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு அது இன்றும் பயன்தரும் நன்மை. இந்த இரண்டையும் மறுக்கும் உடைமையாளர் கருத்துகளை ஒதுக்கி வைப்பதில் தவறில்லை. பெட்டி எத்தனை ஆண்டு தாங்குகிறது, எந்தப் பாகம் முதலில் போகிறது, எந்த அறையில் ஏமாற்றியது என்பவற்றில் அவர்கள் சாட்சியம் ஆய்வுக்கூடத்தைவிட மேலானது. எது எதைவிடச் சிறந்தது என்பதில் அவர்கள் சாட்சியத்துக்கு வலு குறைவு.

மீதமிருப்பது ‘உயிர்’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் குணம். குறைந்த அசைவும் குறைந்த வெப்பமும் வீட்டுச் சத்தத்திலேயே காதுக்குத் தெரியும் வேறுபாட்டைத் தருகின்றனவா? நேரொலி தூக்கலாக வருவதைத்தான் அப்படி உணர்கிறார்களா? அல்லது சற்றே மேலெழுந்த நடுத்தொனி குரலை முன்னுக்குத் தள்ளுவதுதான் காரணமா? மூன்றையும் பிரித்துச் சோதிக்க முடியும். பாகங்கள் முழுதும் சீராக்கிய ஒரு ஜோடி மூலை ஹாரன், மூலைக்கென்றே ஈக்வலைசர் வைத்துச் சரிசெய்த ஒரு ஜோடி நவீனப் பெட்டி, ஒலி ஊடுருவும் திரை, அரை டெசிபலுக்குள் சமன்செய்த சத்தம். ஹாரனின் நடுத்தொனி மேட்டை ஈக்வலைசரால் தட்டையாக்கி ஒரு சுற்று, அதே மேட்டை நவீனப் பெட்டிக்கு ஏற்றி இன்னொரு சுற்று. இரண்டாம் சுற்றில் நவீனப் பெட்டிக்கும் ‘உயிர்’ வந்துவிட்டால் வழக்கில் பாதி முடியும். வராவிட்டால், அசைவையும் பரவலையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியிருக்கும்.